யோஷினோ: பூத்த கதையும் உதிர்ந்த கதையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு தப்பான கேப்ஷன்ல இருந்து ஆரம்பிக்குது. தப்பு என்னோடதுதான்.

போன ஏப்ரல்ல ஜப்பான் போயிருந்தேன். சகுரா சீசன். ஒசாகாவிலிருந்து ரயில் பிடிச்சா ஒன்றேகால் மணி நேரத்துல யோஷினோ. நாரா மாநிலத்துல இருக்கிற ஒரு மலை. சுமார் 30,000 சகுரா மரம் இருக்குன்னு சொல்றாங்க. மலை மேல கின்புசென்-ஜின்னு ஒரு பெரிய பௌத்தக் கோயில், அதைச் சுத்திப் பல மடங்கள். அதுல ஒரு மடத்தோட விடுதியில ரெண்டு ராத்திரி தங்கினேன்.

முதல் நாள் சாயங்காலம் காத்து அடிச்சுது. பூவிதழ் மழை மாதிரி கொட்டுது. போன் எடுத்தேன், வீடியோ எடுத்தேன், கீழ ஒரு வரி எழுதினேன்: "அழகா பூக்கணும், அழகா உதிரணும். வாழ்க்கைன்னா இதுதான்." லைக் வந்துக்கிட்டே இருந்துச்சு. விடுதியில சாப்பாடு பரிமாறின அம்மாவுக்கு எண்பது வயசு இருக்கும். மொழிபெயர்ப்பு ஆப்ல அந்த வரியைப் போட்டு, பெருமையா அவங்ககிட்ட காட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிச்சாங்க. சிரிச்சாங்க. அப்புறம் மெதுவா ஒண்ணு சொன்னாங்க. ஆப் அதை இப்படி மாத்திக் காட்டுச்சு: "இது போர்க்காலத்துப் பேச்சு மாதிரி இருக்கே."

அவ்வளவுதான். டீ எடுத்துட்டு வர உள்ள போயிட்டாங்க. திரும்பி வந்தபோது வேற ஏதோ பேசினாங்க. எனக்கு மட்டும் அந்த ஒரு வாக்கியம் தொண்டையில நின்னுடுச்சு. இந்த எபிசோடு, அந்த வாக்கியத்தைப் புரிஞ்சுக்க நான் பண்ணின முயற்சி.

மரத்துக்குள்ள இருந்த தெய்வம்

முதல்ல ஒரு விஷயம். சகுரான்னு சொன்னதும் உங்க மனசுல வர்ற படம் எது? இலையே இல்லாம, மரம் முழுக்க வெளிர் இளஞ்சிவப்புப் பூ. ஊர்ல இருக்கிற எல்லா மரமும் ஒரே நாள்ல பூக்கும், ஒரே வாரத்துல கொட்டும். அந்த மரத்தோட பேர் சொமெய்-யோஷினோ.

பேர்ல யோஷினோ இருக்கு. ஆனா யோஷினோ மலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. இன்னைக்கு டோக்கியோவுக்குள்ள இருக்கிற சொமெய் கிராமத்துல செடி விற்கிற தோட்டக்காரங்க 19-ம் நூற்றாண்டுல ஒரு புது ரகத்தைப் பரப்பினாங்க. பேர் வாங்கின மலையோட பேரை வச்சா நல்லா விற்கும்ல, அதனால "யோஷினோ சகுரா"ன்னு சொல்லி வித்தாங்க. இது வேற மரம், குழப்பம் வேண்டாம்னு 1900-ல தாவரவியலாளர் ஃபுஜினோ யோரினாகா "சொமெய்-யோஷினோ"ன்னு பேரைப் பிரிச்சு வச்சார். அதுக்குள்ள இந்த மரம் நாடு முழுக்கப் பரவ ஆரம்பிச்சிருந்தது. 1912-ல டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு அனுப்பின 3,020 மரங்கள்ல 1,800 இந்த ரகம்தான்.

சொமெய்-யோஷினோவை விதை போட்டு வளர்க்க முடியாது. ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கணும். அதனால ஒவ்வொரு மரமும் இன்னொண்ணோட அச்சு அசல் நகல். ஒரே மாதிரி வெயில், ஒரே மாதிரி குளிர் கிடைச்சா எல்லாம் சேர்ந்து பூக்கும், சேர்ந்து உதிரும். இந்த "சேர்ந்து உதிரும்" என்ற விஷயத்தை ஞாபகத்துல வச்சுக்கோங்க. பின்னாடி வருவோம்.

யோஷினோ மலையில இருக்கிறது பெரும்பாலும் யமஸகுரா, அதாவது மலைச் சகுரா. விதையிலிருந்து வளரும். அதனால எந்த ரெண்டு மரமும் ஒண்ணா இருக்காது. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு லேசான ரோஸ். பூவோட சேர்ந்தே செம்பு நிறத் தளிரும் வந்துடும். உண்மையைச் சொல்லட்டா, முதல்ல பார்த்தப்போ எனக்கு ஏமாற்றம். "என்னடா இது, இலை வந்துடுச்சே, லேட்டா வந்துட்டோமோ"ன்னு நினைச்சேன். அரை மணி நேரம் கழிச்சுத்தான் கண்ணு பழகிச்சு. ஒரு மலைச்சரிவு முழுக்க வெள்ளை, சாம்பல், செம்பு, பச்சைன்னு திட்டுத் திட்டா. எந்தத் திட்டும் இன்னொண்ணை மாதிரி இல்லை.

இன்னொரு வசதியும் இருக்கு. மலையை நாலு பகுதியா பிரிச்சிருக்காங்க: கீழ் ஆயிரம், நடு ஆயிரம், மேல் ஆயிரம், உள் ஆயிரம். பூ கீழ இருந்து மேல ஏறும். கீழ கொட்டும்போது மேல மொட்டா இருக்கும். நான் போனது ஏப்ரல் இரண்டாவது வாரம். கீழ பாதி கொட்டியாச்சு, உள் ஆயிரம் இன்னும் திறக்கவே இல்லை.

சரி, ஒரு மலையில ஏன் இத்தனை சகுரா? யாரும் அழகுக்காக நட்டது இல்லை. இதுக்குப் பின்னாடி ஒரு தெய்வம் இருக்கு.

7-ம் நூற்றாண்டு கடைசியில என் நோ க்யோஜான்னு ஒரு மலைத் துறவி வாழ்ந்தார். மந்திரத்தால மக்களை மயக்குறார்ன்னு புகார் வந்து, 699-ல இவரை இஸுவுக்கு நாடு கடத்தினாங்கன்னு அரசு வரலாற்று நூல்லயே பதிவு இருக்கு. அது வரலாறு. இனி வர்றது கோயில் கதை. இந்த மலையில அவர் தவம் இருந்தார். முதல்ல சாக்கியமுனி புத்தர் தோன்றினார், அப்புறம் ஆயிரம் கை அவலோகிதேஸ்வரர், அப்புறம் வருங்கால புத்தரான மைத்ரேயர். "இவ்வளவு சாந்தமான முகத்தை வச்சுக்கிட்டு இந்தக் காலத்து ஜனங்களைத் திருத்த முடியாது"ன்னு அவர் மறுபடியும் வேண்டினார். இடி இடிச்சு, பாறையைப் பிளந்து, கோபமான முகத்தோட ஒரு தெய்வம் வந்தது. ஸாவோ கொங்கென். அந்த உருவத்தை அவர் ஒரு சகுரா மரத்துல செதுக்கினார்.

அன்னையிலிருந்து சகுரா இந்த மலையோட புனித மரம். நம்ம ஊர்ல தல விருட்சம்னு சொல்வோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. மரத்தை வெட்டக்கூடாது. கிளை ஒண்ணு ஒடிச்சா விரல் ஒண்ணு போகும், மரம் ஒண்ணு வெட்டினா தலை ஒண்ணு போகும்னு ஒரு பயமுறுத்தல் இருந்தது. காஞ்ச சுள்ளியைக்கூட அடுப்புல வைக்க மாட்டாங்க. வேண்டுதல் வச்சவங்க நேர்த்திக்கடனா மரக்கன்று கொடுத்தாங்க. நூற்றுக்கணக்கான வருஷமா அப்படி நட்டு நட்டுத்தான் மலை நிறைஞ்சது. நாம போட்டோ எடுக்கிறது ஒரு தோட்டத்தை இல்லை. அது யாரோ ஒருத்தங்க குழந்தைக்காகவும், இன்னொருத்தங்க நோய் தீரணும்னும் வச்ச வேண்டுதல்களோட குவியல்.

ஸாவோ கொங்கென் இந்தியாவிலிருந்து வந்த தெய்வம் இல்லை. ஜப்பான் மண்ணிலேயே பிறந்த பௌத்த தெய்வம். இந்த மரபுக்குப் பேர் ஷுகெந்தோ. மலை வழிபாடு, தாந்திரிக பௌத்தம், உள்ளூர் தெய்வங்கள் எல்லாம் கலந்தது. இதைப் பின்பற்றுறவங்க யமபுஷி. நெத்தியில சின்னக் கறுப்புத் தொப்பி, இடுப்புக்குப் பின்னாடி மான் தோல், கையில சங்கு. விடியற்காலையில ஸாவோ மண்டபத்துல பூஜைக்குப் போய் உட்கார்ந்தேன். இருட்டு. திடீர்னு சங்கு. அப்புறம் முரசு. நடுவுல தீ மூட்டுறாங்க. அந்த சடங்குக்கு அவங்க வச்சிருக்கிற பேர் "கோமா". நம்ம ஹோமம்தான், சம்ஸ்கிருதத்திலிருந்து சீனா வழியா நடந்து போன சொல்.

மண்டபம் சுமார் 34 மீட்டர் உயரம். இப்ப இருக்கிற கட்டடம் 1592 வாக்குல கட்டினது. உள்ள தூண்களைச் செதுக்கி நேராக்கலை, மரம் எப்படி வளர்ந்ததோ அப்படியே நிக்குது. திரைக்குப் பின்னாடி மூணு ஸாவோ சிலைகள், பெரியது 7 மீட்டருக்கு மேல. உடம்பு முழுக்க நீலம். எப்பவும் மூடித்தான் வச்சிருப்பாங்க, குறிப்பிட்ட நாட்கள்ல மட்டும் தரிசனம். வாயைத் திறந்து, முடி சிலிர்த்து, ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிற கோலம். அந்த நீலம் கோபத்தோட நிறம்னு நினைச்சேன். இல்லையாம், கருணையோட நிறமாம்.

ராஜாக்கள் வந்த மலை

இந்த மலைக்கு அரசியல் வந்த கதை ரெண்டு.

முதலாவது, பேரரசர் கோ-தைகோ. ஷோகுன் ஆட்சியைக் கவிழ்த்து, அதிகாரத்தைத் தன் கைக்குக் கொண்டு வந்தவர். கூட இருந்த தளபதி அஷிகாகா தகாஉஜியே எதிரியானார். 1336 கடைசியில கியோத்தோவிலிருந்து தப்பி யோஷினோவுக்கு வந்தார் பேரரசர். இங்க ஒரு மடத்துல உட்கார்ந்துக்கிட்டு "நான்தான் உண்மையான பேரரசன்"னு சொன்னார். அங்க கியோத்தோவில இன்னொரு பேரரசர். ரெண்டு அரசவைன்னு நாடு பிளந்தது 1392 வரைக்கும் நீடிச்சது. கோ-தைகோ ஊர் திரும்பவே இல்லை, 1339-ல இங்கேயே இறந்தார். பேரரசர்கள் சமாதி வழக்கமா தெற்கு பார்த்து இருக்கும். நியோஇரின்-ஜி கோயில்ல இருக்கிற இவரோட சமாதி வடக்கு பார்த்து இருக்கு. வடக்குலதான் கியோத்தோ.

அவர் பக்கம் சண்டை போட்டவர் குசுனோகி மசத்சுரா, இருபதுகள்ல இருந்த இளைஞர். ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்ச ஒரு போருக்குப் போகும் முன்னாடி இந்தச் சமாதிக்கு வந்து கும்பிட்டு, கோயில்ல ஒரு கவிதை எழுதிட்டுப் போனார்னு போர்க் காவியமான "தைஹெய்கி" சொல்லுது. 1348 ஆரம்பத்துல அந்தப் போர்ல இறந்தார். எதிரிப் படை மேல வந்து யோஷினோவுக்கே தீ வச்சது, ஸாவோ மண்டபமும் எரிஞ்சது. மசத்சுராவை மறக்காதீங்க. ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சும் பேரரசருக்காகச் சாகப் போன இளைஞன். இந்தக் கதையை 500 வருஷம் கழிச்சு ஒரு அரசாங்கம் எடுத்துப் பாடப்புத்தகத்துல வைக்கும்.

ரெண்டாவது கதை கொஞ்சம் காமெடி. 1594. ஜப்பானையே கைக்குள்ள வச்சிருந்த தொயொதொமி ஹிதெயோஷி, 5,000 பேரோட பூப் பார்க்க வந்தார். தொகுகாவா இயெயாசு, தாதே மசமுனே எல்லாரும் அதுல அடக்கம். வந்தா மூணு நாள் விடாம மழை. கடுப்பான ஹிதெயோஷி "மழை நிக்கலைன்னா மலைக்குத் தீ வச்சுட்டுப் போயிடுவேன்"னு மிரட்டினாராம். துறவிகள் ராத்திரியெல்லாம் பிரார்த்தனை பண்ண, மறுநாள் வானம் திறந்ததாம். சிரிச்சுட்டு யோசிச்சுப் பாருங்க. வேண்டுதலா நட்ட மரங்கள், ஒருத்தரோட பவர் ஷோவுக்கு பேக்ரவுண்டு ஆன முதல் பெரிய தருணம் இது.

மலையைத் தடை செய்தது

1868-ல மெய்ஜி அரசு வந்தது. பேரரசர் தெய்வ வழி வந்தவர், ஷின்தோதான் நாட்டின் அடிப்படை, அதனால தெய்வங்களையும் புத்தர்களையும் பிரிச்சாகணும்னு உத்தரவு. ஷுகெந்தோ ரெண்டும் கலந்தது. அதைப் பிரிக்கவே முடியாது. 1872-ல ஷுகெந்தோவையே தடை பண்ணிட்டாங்க.

1874-ல கின்புசென்-ஜி கோயிலே இல்லைன்னு ஆக்கி, ஷின்தோ ஆலயமா மாத்தினாங்க. ஆனா ஒரு நடைமுறைச் சிக்கல். ஏழு மீட்டர் நீலச் சிலைகளை எங்க தூக்கிட்டுப் போறது? நகர்த்த முடியலை. அதனால முன்னாடி ஒரு திரையைக் கட்டி, திரைக்கு முன்னாடி ஒரு கண்ணாடியை வச்சு, "இதுதான் தெய்வம், இதைக் கும்பிடு"ன்னு சொன்னாங்க. ஆயிரம் வருஷ தெய்வம் திரைக்குப் பின்னாடி இருட்டுல நின்னுச்சு. அந்தக் காட்சியை நினைச்சாலே எனக்கு என்னவோ பண்ணுது. 1886-ல அது மறுபடியும் கோயிலாச்சு. ஆனா தென்தாய் பௌத்தப் பிரிவுக்குக் கீழதான். சுதந்திரமான தனிப் பிரிவா நிக்க 1948 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. கோ-தைகோவும் ஹிதெயோஷியும் தங்கின மடம் இருக்கே, அது திரும்பி வரவே இல்லை. இன்னைக்கும் அது யோஷிமிசு ஷின்தோ ஆலயம்தான்.

அந்தக் குழப்பத்துல மரங்களுக்கும் ஆபத்து வந்தது. தெய்வம் போனா தல விருட்சத்துக்கு என்ன மதிப்பு? ஒசாகா வியாபாரி ஒருத்தர் எல்லாத்தையும் விறகுக்கு விலை பேசிட்டார், வெட்டிட்டுக் காசு வர்ற மரம் நடலாம்னு பேச்சு. பக்கத்துக் காட்டு உரிமையாளர் தொகுரா ஷோஸபுரோ தன் கைக்காசு போட்டு மரங்களை மீட்டார்னு யோஷினோவில இன்னும் சொல்றாங்க.

பூவை ஆயுதமாக்கியது

இப்ப அந்த அம்மா சொன்னதுக்கு வர்றேன்.

மலையோட மேல் பகுதியில மிகுமரி ஆலயம் இருக்கு. பிள்ளை வரம் கேக்கிற இடம். 18-ம் நூற்றாண்டுல ஒரு வியாபாரி இங்க வேண்டிக்கிட்டார், 1730-ல ஒரு மகன் பிறந்தான். அவர்தான் பின்னாடி ஜப்பானிய இலக்கிய ஆய்வின் மாபெரும் அறிஞரான மொதொஓரி நோரினாகா. பிறப்பே யோஷினோ வேண்டுதல், அதனால வாழ்நாள் முழுக்க மலைச் சகுரா மேல பைத்தியம். தன் கல்லறைக்குப் பின்னாடி ஒரு யமஸகுரா நடணும்னு உயில்லயே எழுதினார். அறுபத்தொரு வயசுல, தன் உருவப்படத்துக்கு மேல ஒரு கவிதை எழுதினார். ஜப்பானிய மனசு எப்படிப்பட்டதுன்னு கேட்டா, அதுக்குப் பதிலா காலை வெயில்ல ஒளிர்ற மலைச் சகுராவைக் காட்டுற கவிதை.

1944 அக்டோபர். பிலிப்பைன்ஸ். ஜப்பானியக் கடற்படை முதல் தற்கொலை விமானப் படைகளை உருவாக்குது. நாலு பிரிவு. அதுக்கு வச்ச பேர்கள்: ஷிகிஷிமா, யமதோ, அசாஹி, யமஸகுரா. நாலும் நோரினாகாவோட அந்தக் கவிதையிலிருந்து எடுத்த சொற்கள். பிள்ளை வரம் கொடுத்த மலையோட பூ, பிள்ளைகளைச் சாக அனுப்புற படைக்குப் பேர் ஆச்சு.

அதோட நிக்கலை. ஆளே உள்ள உட்கார்ந்து ஓட்டிட்டுப் போய் கப்பல்ல மோதுற ராக்கெட் குண்டு ஒண்ணு செஞ்சாங்க. பேர் ஓக்கா. அர்த்தம் "சகுரா பூ". பக்கவாட்டுல பூவும் வரைஞ்சாங்க. 1945 ஏப்ரல்ல சிரான் விமானத்தளத்துல, பள்ளிக்கூடப் பெண்கள் சகுரா கிளைகளை ஆட்டி விமானிகளை வழியனுப்பின போட்டோ இன்னைக்கும் இருக்கு. பள்ளிகள்லயும் ராணுவ முகாம்கள்லயும் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒண்ணுதான்: சகுரா மாதிரி, தயங்காம, அழகா, சேர்ந்து உதிரு.

இந்த விஷயத்தை மானுடவியலாளர் எமிகோ ஓனுகி-டியர்னி ஒரு முழுப் புத்தகமாவே ஆராய்ஞ்சிருக்காங்க. பூவோட அர்த்தத்தை அரசு எப்படி மெல்ல மெல்ல நகர்த்துச்சு, யாரும் எந்த இடத்துலயும் "இது தப்பு"ன்னு நிறுத்தாத அளவுக்கு எப்படி நகர்த்துச்சுன்னு காட்டுறாங்க. படிச்சப்போ எனக்கு உறைச்சது இதுதான்: நோரினாகாவோட கவிதையில பூ உதிரவே இல்லை. அது பூத்திருக்கு. வெயில்ல நிக்குது. உதிர்றதைச் சேர்த்தது பின்னாடி வந்தவங்க.

பூவையும் சாவையும் அதுக்கு முன்னாடி யாரும் சேர்க்கலையான்னு கேட்பீங்க. சேர்த்தாங்க. 12-ம் நூற்றாண்டுக் கவித்துறவி சைக்யோ இதே மலையோட உள் பகுதியில குடிசை போட்டு இருந்தவர். வசந்தத்துல சகுரா மரத்தடியில சாகணும்னு ஆசைப்பட்டு எழுதினவர், 1190-ல ஏறக்குறைய அதே நாள்லயே இறந்தவர். ஆனா அது ஒரு கிழவர் தனக்காக ஆசைப்பட்டது. இன்னொருத்தரோட பத்தொன்பது வயசுப் பையனுக்குச் சொன்னது இல்லை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் என் கேப்ஷன்ல காணாமப் போயிருந்தது.

பூவைத் திருப்பிக் கொடுக்கிற நாள்

ரெண்டாவது நாள் ஏப்ரல் 11. ஸாவோ கொங்கெனுக்கு சகுராவைக் காணிக்கை கொடுக்கிற திருவிழா நடந்துக்கிட்டு இருந்தது, பேர் ஹனகு-எஷிகி. சிக்குரின்-இன் மடத்திலிருந்து ஊர்வலம். சங்கு ஊதிக்கிட்டு யமபுஷிகள், வேஷம் போட்ட பூதங்கள், துறவிகள், குழந்தைகள். மண்டபத்துல போய் பூவை தெய்வத்துக்குக் கொடுத்துட்டு, கூட்டத்துக்கு அரிசி மோச்சி உருண்டைகளை வீசுறாங்க. நான் ஒண்ணு பிடிச்சேன், ரெண்டு என் தலையில பட்டு வேற யாருக்கோ போச்சு.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பலை. இந்த மலைத்தொடர்ல தெற்கே போனா சன்ஜோகதாகே சிகரம், இந்த மரபோட மூலஸ்தானம். 2004-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த பகுதிக்குள்ளதான் அதுவும் இருக்கு. அங்க பெண்களுக்கு இன்னைக்கும் அனுமதி இல்லை. தடை செய்யப்பட்டுத் தவிச்ச மரபு, தானும் ஒரு தடையை விடாம வச்சிருக்கு. நான் ஏறின யோஷினோவில அந்தத் தடை இல்லை, ஊர்வலத்துல சங்கு ஊதினவங்கள்ல பெண்களும் இருந்தாங்க.

திரும்பும்போது ஒரு இடத்துல சின்னச் சின்ன மரக்கன்றுகள், மான் கடிக்காம இருக்க வலை சுத்தி வச்சிருந்தாங்க. யோஷினோ மரங்களோட பழத்திலிருந்தே விதை எடுத்து உள்ளூர்க்காரங்க வளர்க்கிறாங்க. வயசான மரங்கள் சாய்ஞ்சுக்கிட்டு இருக்கு, அந்த இடத்துல இதை வைக்கணும். ஒட்டுக்கட்டினா வேகமா பூக்கும். விதையிலிருந்துன்னா வருஷக்கணக்கா காத்திருக்கணும். எந்த நிறத்துல பூக்கும்னு முன்னாடியே யாருக்கும் தெரியாது.

அந்த ராத்திரி கேப்ஷனை அழிச்சேன். வேற என்ன எழுதலாம்னு யோசிச்சேன், ஒண்ணும் வரலை. கடைசியில இடத்தோட பேரையும் மரத்தோட பேரையும் மட்டும் போட்டேன். காலையில கிளம்பும்போது அந்த அம்மாகிட்ட மறுபடியும் போனைக் காட்டினேன். "யோஷினோ. யமஸகுரா." படிச்சுட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாங்க. முந்தின நாள் மொட்டா இருந்த ஒரு மரம் திறந்திருந்தது.

அவ்வளவுதான் மக்களே. உங்க ஊர்ல ஒரு தல விருட்சத்துக்குப் பின்னாடி இந்த மாதிரி கதை இருந்தா எழுதி அனுப்புங்க, நல்லதா ஒண்ணை எடுத்து இன்னொரு எபிசோடு பண்ணுவோம். அடுத்த வாரம் பார்ப்போம்.